சொல்லிக்கொள்ள வந்தவள்

"இருந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போ. கறி எடுத்திருக்கேன்ல" என்று ரெங்கம்மாள் மகளின் பையைப் பிடுங்கி ஆணியில் மாட்டிவிட்டாள்.

"மத்தியான வண்டிக்கே திரும்பிருவேன்னு டீச்சர்கிட்டச் சொல்லிருக்கேம்மா."

"டீச்சரு ஒன்னய முழுங்கிர மாட்டாக. இனி ஒரு வருசம் கழிச்சுத்தான எங்கையால சாப்பிடப் போற. அங்கிட்டு என்னத்தப் போடுவாகளோ."

"ரொட்டி போடுவாகளாம்."

"ரொட்டியா? காச்சக்காரிக்குக் குடுக்குற மாதிரியா? வருசம் பூராவா?"

அடுப்படி வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஒச்சாயி சிரித்தாள். ஜெயக்கொடியின் அண்ணன் சுருளியின் பெண்டாட்டி அவள். நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. சிரித்தால் வயிறு இழுத்துப் பிடிக்கிறது என்று ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டுதான் சிரிப்பாள். "காச்சலே இல்லாம ரொட்டி திங்கப் போற மொத ஆளு எங்க நாத்தனாதான்" என்றாள்.

ஜெயக்கொடி நாகமலை புதுக்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, கண்மாய்க் கரையோடு நடந்து சடச்சிபட்டிக்கு வந்திருந்தாள். சொல்லிக்கொண்டு போகத்தான் வந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் மெட்ராஸ் ரயில். அங்கிருந்து பம்பாய், பம்பாயிலிருந்து விமானம், டென்மார்க். கே.கே. நகரில் முத்துத்தாய் டீச்சர் நடத்துகிற, போலியோவில் கால் விழுந்த பிள்ளைகளின் இல்லத்தில் இரண்டு வருஷமாக வேலை பார்க்கிறாள். அதே மாதிரி ஒரு இல்லம் அந்த ஊரிலும் இருக்கிறதாம். அங்கே ஒரு வருஷம் தொண்டு செய்ய நாலைந்து தேசத்து இளம்பிள்ளைகளைக் கூப்பிட்டிருந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து ஒருத்திக்குத்தான் இடம். விமான டிக்கெட், தங்க அறை, சாப்பாடு, குளிருக்குப் போட்டுக்கொள்ளக் கோட்டு, எல்லாம் அவர்கள் பொறுப்பு. சம்பளம் மட்டும் கிடையாது.

அந்தச் சம்பள விஷயம்தான் ஊருக்குப் பிடிபடவில்லை. காலையில் அவளைக் கண்டதும் பக்கத்து வீட்டு ராக்கம்மாள் மறித்துக்கொண்டாள்.

"ஏத்தா, கூலி எம்புட்டு?"

"கூலி இல்ல சித்தி. சேவை."

"கூலி இல்லாத வேலைக்கா ஏரோப்ளேன்ல கூப்புடுறான்?"

"ஆமா சித்தி."

"அட, எங்க கொல்லையில கள எடுக்காமக் கெடக்கு. நான் மாட்டு வண்டியே அனுப்புறேன், வந்து எடுத்துட்டுப் போ."

தெருவே சிரித்தது. ஜெயக்கொடியும் சிரித்தாள். சிரித்துவிட்டுப் போகிற நிலையில்தானே இருந்தாள் அப்போது.

கறி வேகத் தாமதமானது. ஆட்டுக்கறி கிழடு என்று ரெங்கம்மாள் கசாப்புக்காரனைத் திட்டிக்கொண்டே இன்னும் இரண்டு விறகைச் செருகினாள். மத்தியான வண்டி போய்விட்டது. சாப்பிட்டு, கை கழுவி, ஒச்சாயியின் காலை ஒரு நீவு நீவிவிட்டு, அடுத்த வண்டிக்கு என்று பையை ஆணியிலிருந்து எடுத்தபோது கோயில் பக்கம் கொட்டுச் சத்தம் கேட்டது.

ரெங்கம்மாளின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது.

"என்னம்மா? எதாச்சும் எழவா?"

"எழவுக் கொட்டு இல்ல" என்றாள் ஒச்சாயி. அவள் குரல் இறங்கியிருந்தது. "இது சாமிக் கொட்டு."

சுருளி மூச்சு வாங்க வந்து சேர்ந்தான். "ஏம்மா, அவ போயிட்டாளா? போயிட்டாள்ல?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தவன் தங்கையைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டான். "போச்சு போ. சாமி சாட்டிப்புட்டாக."

"இன்னம் நாள் கெடக்கேடா! அடுத்த மாசத்துக்குல்ல பேசியிருந்தாக?" என்றாள் ரெங்கம்மாள்.

"கீழூருல ரெண்டு பிள்ளைகளுக்கு அம்மை போட்டிருச்சாம். இங்கிட்டு வர்றதுக்கு முந்திக் கும்புட்டுறணும்னு பெரியப்பா முடிவு பண்ணிட்டாரு. மத்தியானம் பேசுனாக, இப்பக் கொட்டியாச்சு."

சாமி சாட்டுவது என்றால் திருவிழாவை ஊருக்கு அறிவிப்பது. அறிவித்துவிட்டால் எல்லை கட்டியதாகக் கணக்கு. கொட்டுச் சத்தம் கேட்கும்போது எல்லைக்குள் எவர் இருக்கிறாரோ, முளைப்பாரியைக் கண்மாயில் கரைக்கிற நாள் வரைக்கும் அவர் வெளியூரில் இரவு தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். பொழுது இறங்குவதற்குள் எல்லைக்குள் காலை வைத்துவிட வேண்டும். மீறினால் அந்த வீட்டில் யாருக்காவது ஆகாமல் போகும் என்பது நம்பிக்கை. வெளியூரில் இருந்தபடி சாட்டுக்குத் தப்பியவர்களுக்கு இந்தக் கட்டு இல்லை. முளைப்பாரி கரைப்பது அடுத்த புதன்கிழமை. ரயில் சனிக்கிழமை.

"மத்தியான வண்டிக்குப் போயிருந்தா..." என்று ஆரம்பித்து ஜெயக்கொடி நிறுத்திக்கொண்டாள்.

அம்மா அடுப்பை வெறித்துக்கொண்டிருந்தாள். "அந்தக் கசாப்புக்காரன் வெளங்குவானா?" என்றாள் கடைசியில், யாரிடமும் இல்லாமல்.

மறுநாள் காலையில் கோயில் முன்னால் பெரியப்பா விருமாண்டியிடம் போய் நின்றார்கள். அப்பா செத்த பிறகு இந்த வீட்டுக்கு நல்லது கெட்டது பார்ப்பவர் அவர்தான். ஊருக்கும் அவர்தான் பெரிய ஆள். அவள் கல்லூரிக்குப் போகும்போது பலர் வாயை அடைத்தவரும் அவரே.

வழியில் சுருளி தங்கைக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே வந்தான். "பட்டாளத்துக் கருத்தக்கண்ணன் தெரியும்ல? போன வருசம் லீவுல வந்து சாட்டுல மாட்டிக்கிட்டான். அவனுக்கு வெலக்குக் குடுத்து அனுப்புனாக. சம்பளம் வாங்குறவன், கூப்புட்டாப் போயித்தான ஆகணும்னு சொன்னாக. அதனால நீ என்ன பண்ற, சம்பளம்னு சொல்லிரு."

"பொய் சொல்லவா?"

"சம்பளம் குடுக்கல, சோறு குடுக்குறான்ல? சோறும் சம்பளந்தான். வாய மூடிக்கிட்டுத் தலைய மட்டும் ஆட்டு, நான் பேசிக்கிறேன்."

சரி என்றுதான் அவளும் வந்தாள். சம்பளம் என்று கேட்டால் தலையை ஆட்டிவிடுவது என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டுதான் நின்றாள்.

பெரியப்பா சம்பளத்தைப் பற்றிக் கேட்கவில்லை. வேப்பங்குலை கட்டிக்கொண்டிருந்தவர், கையில் கயிற்றோடு நிமிர்ந்தார். "வா தாயி. கொட்டுச் சத்தத்தக் கேட்டதும் எனக்கு ஒன் நெனப்புத்தான். நீ பொறப்புட்டுருப்பேன்னு நெனச்சேன்."

"கறி வேகல பெரியப்பா."

"கசாப்புக்காரப்பய." அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "ஒனக்கு ஒரு வழி இருக்கு. கருத்தக்கண்ணனுக்குச் செஞ்ச மாதிரி சாமிகிட்ட வெலக்குக் கேக்கலாம். நான் கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லு. சாமி வாசல். யாரு ஒன்னயப் போகச் சொன்னது?"

"கெவருமெண்டு பெரியப்பா" என்றான் சுருளி.

"ஒன்னயக் கேக்கலடா. அவ சொல்லட்டும்."

மதுரையில் நேர்காணலில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் இதே கேள்வியைத்தான் கேட்டார். வீட்டிலோ வேலை செய்யுமிடத்திலோ யாராவது உன்னைப் போகச் சொன்னார்களா, கட்டாயப்படுத்தினார்களா என்று. ஜெயக்கொடி அன்று நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு பதில் சொன்னாள். அந்தப் பதிலுக்காகத்தான் உன்னை எடுத்தார்கள் என்று முத்துத்தாய் டீச்சர் பிற்பாடு சொன்னார். அதே பதில்தான் இப்போதும் வாயில் வந்தது.

"யாரும் சொல்லல பெரியப்பா. நானாத்தான் கேட்டேன்."

சுருளி கண்ணை மூடிக்கொண்டான்.

"போகலைன்னா ஒனக்குத் தண்டன உண்டா?"

"இல்ல."

"ஒனக்குப் பதிலா வேற ஆளு போகுமா?"

"கோயமுத்தூர்ல ஒரு பொண்ணு இருக்கு."

பெரியப்பா கயிற்றைக் கீழே வைத்தார். "கருத்தக்கண்ணன் போகலைன்னா பிடிச்சு ஜெயில்ல போட்டிருப்பான். அவன் கட்டுப்பட்டவன். அதனால சாமி விட்டுச்சு. நீயா ஆசப்பட்டுப் போறதுக்கு நான் சாமிகிட்ட என்னன்னு தாயி கேக்க? ஊருல ஆசப்படாதவுக யாரு?"

"நல்ல காரியத்துக்குத்தான பெரியப்பா போறேன்."

"நல்ல காரியந்தான். நான் இல்லைங்கலையே. யாராச்சும் ஒரு ஆளு ஒன்னயப் போன்னு வெரட்டியிருந்தா நான் அனுப்பிச்சிருவேன்."

திரும்பி வீட்டு வாசலுக்கு வந்ததும் சுருளி வெடித்தான். "கட்டாயந்தான்னு ஒரு வார்த்த சொன்னா வாயி வெந்தா போயிரும்?"

"என்னமோ வரலண்ணே."

அன்று மத்தியானமே தாய்மாமன் பேயாண்டி கோச்சடையிலிருந்து மகன் முத்திருளனைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார். வாழைத்தார் மண்டியில் கணக்குப் பார்க்கிறவன் முத்திருளன், ஜெயக்கொடிக்கு முறைமாப்பிள்ளை. வந்தவன் தின்பதற்கு வைத்த முறுக்கைக் கூடத் தொடாமல் கூரை ஓட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, நீ கவலப்படாத. இதுக்கு ஒரு வழி வச்சிருக்கேன்" என்றார் மாமா. "கட்டிக் குடுத்த பொண்ணுக்கு எந்த ஊரு சாட்டு?"

"புருசன் ஊரு சாட்டு."

"எங்க ஊருல இந்த வருசம் சாட்டு முடிஞ்சு போச்சு. நாளைக்குக் காலையில பத்துப் பேர வச்சு, இவ கழுத்துல ஒரு மஞ்சக்கயித்தக் கட்டுவோம். கட்டுன நிமிசத்துல இவ சடச்சிபட்டிக்காரி இல்ல, கோச்சடைக்காரி. சனிக்கெழம நானே ரயிலேத்தி விடுறேன். என்ன மாப்ள?" என்று சுருளியைப் பார்த்தார்.

ரெங்கம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. சுருளி தங்கையைப் பார்த்தான்.

"மாமா" என்றாள் ஜெயக்கொடி, "கல்யாணம் ஆகாத பிள்ளைகளைத்தான் அங்க எடுப்பாக. ஆயிட்டா இடம் கெடையாது."

"அது எந்த ஊரு நாயம்? கல்யாணம் ஆனவ பிள்ளையத் தூக்க மாட்டாளா? ஆனவதான நல்லாத் தூக்குவா?"

"அவுக வச்ச சட்டம் மாமா."

"அப்பக் கட்டிக்கிட்டுச் சொல்லாமப் போ. கயித்தச் சட்டைக்குள்ள போட்டுக்க. குளிரு ஊருதான? கழுத்து வரைக்கும் மூடிக்கிட்டுத்தான திரிவாக?"

அப்போதுதான் முத்திருளன் முதல்முறையாக வாயைத் திறந்தான். "அப்பா, அது போறதுக்கு ஆசப்படுது. நம்மளக் கட்டிக்க ஆசப்படல. அது ரெண்டும் வேற வேற." சொல்லிவிட்டு எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டான்.

"நீ வாய மூடுடா. ஒனக்காகத்தான் பேசுறேன்" என்றார் மாமா. பிறகு அக்காவிடம் குரலைத் தாழ்த்தி, "போகலைன்னாலும் வையாசியில வச்சிக்கிருவோம். எப்படியும் நடக்கப் போறதுதான" என்றார்.

ஊரை விட்டு வெளியேற அவர்கள் காட்டிய ஒரே வாசலும் இன்னொரு வீட்டுக்குள்தான் திறந்தது.

ஆனால் பகலில் போகலாமே. அந்த யோசனை வியாழக்கிழமை விடிந்ததிலிருந்து அவளை அரித்தது. வெள்ளிக்கிழமை டீச்சரிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று பஸ் ஏறினால் யார் தடுக்கப் போகிறார்கள்? பாஸ்போர்ட் டீச்சரிடம். துணிப்பெட்டி டீச்சரிடம். இல்லத்திலேயே தங்கிவிட்டுச் சனிக்கிழமை ரயிலேறினால், யாரும் கையைப் பிடித்து இழுக்கப் போவதில்லை. கதவுக்குப் பூட்டே இல்லை. அதை நினைத்தபோதுதான் அவளுக்குக் கூடுதலாகப் பயம் வந்தது.

முற்றத்தில் ஒச்சாயி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஜெயக்கொடி எதிரில் உட்கார்ந்து சுளகின் மறுபக்கத்திலிருந்து தானும் பொறுக்கினாள்.

"மதினி, ஒண்ணு கேட்டா உள்ளதச் சொல்லுவியா?"

"நாளைக்குப் போனா வர மாட்ட. அதான?"

ஜெயக்கொடி பதறி அடுப்படியைப் பார்த்தாள்.

"அத்த மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருக்காக. ஒம் மூஞ்சியில எழுதி ஒட்டிருக்கே, நேத்துலருந்து பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்."

"நீ இதெல்லாம் நம்புறியா மதினி? நான் அங்கிட்டுப் படுத்தா இங்கிட்டு ஒருத்தருக்கு ஆகாமப் போயிருமா?"

ஒச்சாயி ஒரு கல்லை எடுத்து வெளியே எறிந்தாள். போன வருஷம் அவளுக்கு முதல் பிள்ளை செத்துப் பிறந்தது. ஆண் பிள்ளை. அதைப் பற்றி இந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

"அந்தப் பிள்ள எதுனால போச்சுன்னு பெரியாசுபத்திரியில கேட்டேன். சொல்லத் தெரியலன்னுட்டாக. நான் எதுவும் தப்புப் பண்ணலையாம். யாரும் பண்ணலையாம். அது எனக்கு ஆறலடி. ஒரு காரணம் கெடச்சிருந்தா அதப் பிடிச்சுக்கிட்டு அழுதிருப்பேன்." அவள் சுளகை ஒரு தட்டுத் தட்டினாள். "நீ போ. போறதுன்னா போ. இந்தப் பிள்ளைக்கு ஒண்ணுன்னா ஊரே ஒன்னயச் சொல்லும். அத்தையச் சொல்லும். நான் ஒன்னயச் சொல்ல மாட்டேன். வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்ல மாட்டேன்."

"மதினி..."

"சொல்ல மாட்டேன். ஆனா நெனப்பேன். உள்ளதக் கேட்டல்ல? அதான் உள்ளது."

இரண்டு பேரும் அரிசி முழுவதையும் பொறுக்கி முடித்தார்கள். பொறுக்கி முடித்ததை மறுபடியும் ஒருமுறை ஜெயக்கொடி தள்ளிப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை சுருளியே கூட வந்து பஸ் ஏற்றிவிட்டான். "பொழுது சாயுறதுக்குள்ள வந்துருவியா?" என்று கேட்டான். பதிலுக்குக் காத்திருக்காமல் திரும்பி நடந்துவிட்டான். அவனுக்கும் தெரிந்துதான் இருந்தது.

கே.கே. நகரில் முத்துத்தாய் டீச்சர் எல்லாவற்றையும் மேஜையில் எடுத்து வைத்திருந்தார். பாஸ்போர்ட், டிக்கெட், நாற்காலி முதுகில் சாம்பல் நிறத்தில் ஒரு கனத்த கோட்டு.

"செவ்வாய்க்கிழமையே வந்திருக்க வேண்டியவள். பயந்துபோயிட்டேன். கோட்டைப் போட்டுப் பார்."

போட்டுப் பார்த்தாள். சித்திரை வெயிலில் உடம்பெல்லாம் வேர்த்து வழிந்தது. கை மட்டும் கொஞ்சம் நீளம். கழற்றாமலே நடந்ததைச் சொன்னாள்.

"உன்னைக் கட்டிப் போட்டாங்களா?"

"இல்ல டீச்சர்."

"பூட்டி வச்சாங்களா? அடிச்சாங்களா?"

"இல்ல. எங்கண்ணந்தான் பஸ் ஏத்திவிட்டான்."

"அப்புறம் என்ன? இங்கேயே இரு. நாளைக்கு நானே உன்னோட மெட்ராஸ் வரைக்கும் வர்றேன். இந்தக் காலத்தில் இதையெல்லாம் நீ நம்புறியா?"

"நான் நம்பல டீச்சர். எங்க மதினி நம்புறா. முழுசாக்கூட இல்ல. பாதிதான் நம்புறா. அந்தப் பாதிய வச்சிக்கிட்டு அவ பிரசவத்துக்குப் போகணும்."

"அவங்களுக்காக உன் ஒரு வருஷத்தைக் கொடுப்பியா?"

"அங்க போயும் வேற யாருக்கோ ஒரு வருசத்தக் குடுக்கத்தான டீச்சர் போறேன்?" சொல்லிவிட்டாளே தவிர, அந்தப் பதில் அவளுக்கே பிடிக்கவில்லை. கேட்க அழகாக இருந்தது. உள்ளே அது உண்மையாக இல்லை. அவள் கொடுக்கவில்லை. அவளிடமிருந்து போகிறது, அவ்வளவுதான். அடக்க முடியாமல் அழுதாள். கோட்டின் நீளக் கையால் முகத்தைத் துடைக்கப் போய், இனி இது இன்னொருத்தி போடப் போவது என்று சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

டீச்சர் கோயமுத்தூருக்கு டிரங்கால் போட்டார். லைன் கிடைக்க நேரமாகும் என்றார்கள். கிடைத்து, "ஆமாம், உடனே கிளம்பி வரணும்" என்று டீச்சர் சொல்லி முடிக்கும் வரை ஜெயக்கொடி அங்கேயே இருந்தாள். அடுத்த வருஷமும் கேட்கலாம், கிடைக்கும் என்று சொல்ல முடியாது என்றார் டீச்சர். கோட்டை மடித்து மேஜையில் வைத்துவிட்டு அவள் பஸ்ஸுக்கு நடந்தாள்.

எல்லையில் இரண்டு கம்பு நட்டு வேப்பங்குலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். வெயில் இன்னும் இறங்கவில்லை. அவசரமாக வந்துவிட்டோமோ என்று தோன்றியது. இந்தப் பக்கம் ஒரு காலும் அந்தப் பக்கம் ஒரு காலுமாகக் கொஞ்ச நேரம் நின்றாள். தூரத்தில் வாசலில் ஒச்சாயி நிற்பது தெரிந்தது. கையை ஆட்டவில்லை, கூப்பிடவில்லை. இவள் தோரணத்தைத் தாண்டியதும் உள்ளே போய்விட்டாள்.

சனிக்கிழமை ரயில் போனது. புதன்கிழமை முளைப்பாரி கரைத்தார்கள். வியாழக்கிழமை காலையில் ஒச்சாயிக்குப் பெண் பிள்ளை பிறந்தது. கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது. ஒரு குறையும் இல்லை.

"இவ இருந்ததுனாலதான்" என்றாள் ராக்கம்மாள். "ஏரோப்ளேனையே விட்டுப்புட்டு இருந்தாளே, சாமி சும்மா விடுமா?" பெரியப்பா வந்து ஜெயக்கொடியின் நெற்றியில் தாமே திருநீறு பூசிவிட்டார். கண் கலங்கியிருந்தார். மாமா கோச்சடையிலிருந்து ஒரு வாழைத்தாரோடு வந்து, "பாத்தியாக்கா, பிள்ள எம்புட்டுப் பொறுப்பு! இதவிட எனக்கு என்ன மருமக வேணும்?" என்றார். போகிறவர் வருகிறவர் எல்லாம் தலையில் கை வைத்து வாழ்த்தினார்கள். ஒவ்வொரு கையும் அவளைத் தரையோடு அழுத்துவதாக இருந்தது.

கூட்டம் கலைந்த பிறகு ஒச்சாயி பக்கத்தில் உட்காரச் சொன்னாள். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

"நீ போயிருந்தாலும் இது இப்படித்தான் பொறந்திருக்கும்" என்றாள் மெதுவாக.

"தெரியும் மதினி."

"வையாசியில வச்சிக்கிருவோம்னு ஒங்க மாமா அத்தகிட்டச் சொல்லிக்கிட்டு இருந்தாக."

"கேட்டுச்சு. முத்திருளன் மாட்டேன்னுருவான். அவன் மாட்டேன்னாலும் மாமா வேற ஒருத்தனக் கொண்டாருவாரு."

"என்ன பண்ணப் போற?"

ஜெயக்கொடி பிள்ளையின் மேல் உட்கார வந்த ஈயை ஓட்டினாள். "திங்கக்கெழம வேலைக்குப் போறேன். அடுத்த வருசத்துக்கு எழுதிக் குடுப்பேன். கெடச்சாலும் கெடக்கும், இல்லாட்டியும் இல்ல." கொஞ்சம் நிறுத்தினாள். சொல்லக் கூச்சமாக இருந்தது. "கெடச்சா, இந்தத் தடவ மாதிரிச் சொல்லிக்கிட்டுப் போக ஊருக்கு வர மாட்டேன் மதினி."

அடுப்படியில் ரெங்கம்மாள் பத்தியக் குழம்புக்கு மிளகு அரைத்துக்கொண்டிருந்தாள். அம்மிச் சத்தம் நின்று நின்று கேட்டது. ஒச்சாயி அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு தலையைத் தாழ்த்தி, பிள்ளையைப் பார்த்துச் சொல்வது போல,

"வராத" என்றாள்.